தோல்வியில்லை, சமனில்லை, அழைப்பில்லை

1951-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்பது ஆட்டங்கள் ஆடியது. ஒன்பதிலும் வென்றது. அக்கால வழக்கப்படி, இத்தகைய அணிக்குப் புத்தாண்டு நாளன்று பத்தாவதாக ஓர் ஆட்டம் வாய்த்திருக்க வேண்டும். வாய்க்கவில்லை. அந்த அணியைக் குறிக்கப் பின்னாளில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வழக்குக்கு வந்தன. தமிழில் சொல்வதானால், 'தோல்வியில்லை, சமனில்லை, அழைப்பில்லை'. முதல் இரண்டும் விளையாட்டுச் செய்திகள். மூன்றாவது சொல் அந்நாட்டின் சமூக வரலாற்றைச் சேர்ந்தது. நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வது அதைத்தான்.

இவ்விளையாட்டு நம் வாசகர்களில் பெரும்பாலோருக்குப் பழக்கமில்லாதது என்பதால் ஒரு சிறு விளக்கம். உலகின் பிற பகுதிகள் கால்பந்து என்றழைப்பதை அமெரிக்கர்கள் சாக்கர் என்பார்கள். அவர்களுடைய கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியோ, கையால் எறிந்தோ, நூறு கஜ நீளத் திடலில் சிறிது சிறிதாக முன்னேற வேண்டும். எதிரணியின் பதினொருவர் முட்டி மோதி வீழ்த்தப் பார்ப்பார்கள். பந்துடன் எல்லைக்கோட்டைக் கடந்தால் அது டச் டவுன், ஆறு புள்ளிகள். கல்லூரி வளாகங்களில் பிறந்து வளர்ந்த ஆட்டம் இது. 1950-களின் தொடக்கத்தில் பெருங்கூட்டம் திரண்டதும் நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதியதும் கல்லூரி அணிகளைப் பற்றித்தான்.

பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் இறுதியில் முடியும். அன்று இறுதிப்போட்டி என்ற ஏற்பாடு கிடையாது. தரவரிசையைப் பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். சிறந்த அணிகளுக்கான பரிசு, புத்தாண்டையொட்டி நடக்கும் 'பௌல்' ஆட்டங்களில் ஒன்றுக்கு வரும் அழைப்பு. கிண்ண வடிவ அரங்கிலிருந்து வந்த பெயர் அது. கலிபோர்னியாவின் பாசடீனாவில் 1902-இல் முதன்முதலாக நடந்து, 1916 முதல் ஆண்டுதோறும் தொடர்ந்த ரோஸ் பௌல்தான் மூத்தது. அதைப் பார்த்துத் தென்மாநில நகரங்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று தொடங்கின. 1935-இல் மயாமியில் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல். 1937-இல் டல்லஸில் காட்டன் பௌல். 1946-இல் ஜாக்சன்வில்லில் கேட்டர் பௌல். ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று அந்தந்த மண்ணின் விளைபொருளே பெயராயிற்று. பொருளாதாரப் பெருமந்தத்தின் காலத்தில் குளிர்காலப் பயணிகளை ஊருக்கு வரவழைப்பதே நோக்கம். நடத்தியவர்கள் உள்ளூர் வணிகர்களும் பிரமுகர்களும் கூடிய குழுக்கள்.

ரோஸ் பௌல் 1947 முதல் இரண்டு பெரிய கூட்டமைப்புகளின் அணிகளுக்கென்று ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டுவிட்டது. எந்தக் கூட்டமைப்பிலும் சேராத சான் பிரான்சிஸ்கோ போன்ற அணிகளுக்கு அந்தக் கதவு மூடிக்கிடந்தது. எஞ்சிய பெயர்பெற்ற பௌல்கள் அனைத்தும் தெற்கில் இருந்தன. தெற்கில், பள்ளி முதல் பேருந்து இருக்கை வரை கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கும் சட்டங்கள் இருந்தன. சட்டம் சொல்லாத இடத்தில் வழக்கம் அந்த வேலையைச் செய்தது.

*

அந்த வழக்கத்துக்குக் 'கனவான்களின் உடன்பாடு' என்று நாகரிகமான பெயர் ஒன்று உண்டு. வடக்கத்திய அணியில் கறுப்பின வீரர் இருந்து, தென்மாநில அணியோடு ஆட நேர்ந்தால், அந்த வீரரை ஆடவிடாமல் உட்கார வைத்துவிடுவார்கள், அல்லது ஊரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் எழுத்தில் ஒன்றும் இராது. இரு கல்லூரி நிர்வாகங்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும்.

இது எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1940-இல் நியூயார்க் பல்கலைக்கழக அணி மிசூரிக்குச் சென்றபோது லியனார்ட் பேட்ஸ் என்ற கறுப்பின வீரரை அழைத்துச் செல்லவில்லை. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தனர். பலன் இல்லை. அடுத்த ஆண்டு, போராட்டத்தில் முன்னின்ற எழுவரைப் பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது. 2001-இல்தான் அதே பல்கலைக்கழகம் அவர்களை அழைத்துச் சிறப்பித்தது. பாஸ்டன் கல்லூரியின் லூ மான்ட்கோமெரிக்கு நேர்ந்தது இன்னும் கசப்பானது. அவருடைய அணி 1940-இல் காட்டன் பௌலுக்கும் 1941-இல் சுகர் பௌலுக்கும் சென்றது. இரண்டு ஆட்டங்களிலும் அவரை ஆடவிடவில்லை. அணி ஆடியது. பாஸ்டன் கல்லூரி ஜெசூட் துறவியர் நடத்தும் கத்தோலிக்க நிறுவனம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 1855-இல் நிறுவப்பட்ட சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகமும் ஜெசூட் நிறுவனமே. சமயநெறி ஒன்றுதான், பத்தாண்டு இடைவெளியில் கிடைத்த விடைகள் வேறு.

மறுத்தவர்களும் இல்லாமல் இல்லை. 1946-இல் பென் ஸ்டேட் அணி தன் கறுப்பின வீரர்கள் இல்லாமல் மயாமிக்கு வர மறுத்தது, ஆட்டம் கைவிடப்பட்டது. 1948-இல் லஃபாயெட் கல்லூரி அணி, டேவிட் ஷோவெல் என்ற தன் வீரருக்கு இடமில்லை என்றதும் டெக்சாஸின் சன் பௌல் அழைப்பை நிராகரித்தது. சான் பிரான்சிஸ்கோ அணியின் மறுப்பை முதல் மறுப்பு என்று கொண்டாடினால், முன்னே நடந்தவர்களை மறந்தவர்களாவோம். அதன் முக்கியத்துவம் வேறிடத்தில் இருக்கிறது.

*

டான்ஸ் என்பது இவ்வணியின் செல்லப்பெயர். பயிற்சியாளர் ஜோ குஹாரிச். கோடையில் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கின் கார்னிங் என்ற சிற்றூருக்கு அணியை அழைத்துச் சென்று, கொளுத்தும் வெயிலில் வாட்டியெடுத்தவர். அணியில் இருந்த கீனோ மார்கெட்டி, இத்தாலியக் குடியேறிகளின் மகன். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் போரிட்டுத் திரும்பியவர். பாப் செயின்ட் கிளேர் ஆறடி ஒன்பது அங்குல உயரம். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் இளைஞராக இருந்தவர் பீட் ரோசெல். பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.-இன் ஆணையராக 1960 முதல் 1989 வரை கோலோச்சியவர் இவரே.

கறுப்பின வீரர்கள் இருவர். ஆலி மாட்சன் டெக்சாஸின் டிரினிட்டியில் 1930-இல் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். பர்ல் டோலர் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸில் 1928-இல் பிறந்து மேற்கே வந்தவர். இருவரும் 1948-இல் சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியின் தோல்வியறியா அணியில் ஒன்றாக ஆடிய பின்னரே இங்கு வந்தார்கள். மாட்சன் பந்தை ஏந்தி ஓடுபவர். டோலர் எதிரணியின் ஓட்டத்தைத் தடுத்து வீழ்த்துபவர்.

அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் அனைத்தையும் இங்கே அடுக்க வேண்டியதில்லை. இரண்டைச் சொல்லலாம். அக்டோபரில் அணி நாட்டின் மறுகரைக்குப் பயணப்பட்டு, நியூயார்க்கில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. 32-26 என்ற அந்த நெருக்கமான வெற்றியில், எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்துத் திடலின் நீளம் முழுவதும் ஓடி டச் டவுன் சேர்க்கும் அரிய செயலை மாட்சன் ஒரே ஆட்டத்தில் இருமுறை செய்தார். கிழக்கத்தியப் பத்திரிகையாளர்கள் கண்ணெதிரே அது நடந்தது. நவம்பரில் ஸ்டாக்டன் நகரில் பசிபிக் கல்லூரியை 47-14 என்று வீழ்த்தினார்கள். பௌல் அழைப்பைத் தீர்மானிக்கும் ஆட்டம் என்று எல்லோரும் கருதியது அதைத்தான். கடைசியாக, பாசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கில் லொயோலாவை 20-2 என்று வென்றார்கள். ரோஸ் பௌல் போட்டிக்கு வழியில்லாத அணி, அந்த அரங்கில் ஒரு சாதாரண ஆட்டத்தோடு பருவத்தை முடித்துக்கொண்டது.

அப்பருவத்தில் மாட்சன் ஓடிய தொலைவு 1,566 கஜம். டச் டவுன்கள் 21. நாட்டிலேயே அதிக தொலைவு ஓடியவர் அவர்தான். ஆனால் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் ஒன்பதாவதாக வந்தார். அணி அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் பதினான்காம் இடத்தில் நின்றது.

அதே அக்டோபரின் 20-ஆம் நாள் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் நடந்ததையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட், பந்து தம் கையில் இல்லாத வேளையில், எதிரணி வீரர் ஒருவரால் முகத்தில் தாக்கப்பட்டுத் தாடை உடைந்தார். டெ மாய்ன் நகர நாளேட்டின் புகைப்படக்காரர்கள் இருவர் அதை வரிசையாகப் படமெடுத்தனர். அப்படங்கள் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றன. மாட்சனும் டோலரும் ஆடிய 1951 இத்தகைய 1951.

*

பசிபிக் ஆட்டத்தை ஒட்டிய நாட்களில் அந்தச் செய்தி வந்தது என்கிறார்கள் வீரர்கள். அணி ஆரஞ்சு பௌலுக்கு வரலாம். மாட்சனும் டோலரும் வரக்கூடாது. அணி மறுத்தது. வாக்கெடுப்பு நடக்கவில்லை, அதற்குத் தேவையும் எழவில்லை என்றே பலர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். 1952 புத்தாண்டு நாளன்று மயாமியில் ஜார்ஜியா டெக் பேய்லரை 17-14 என்று வென்றது. டான்ஸ் அணியினர் அப்போது தத்தம் வீடுகளில் இருந்தார்கள்.

இங்கே வரலாற்று மாணவர் ஒருவர் தயங்கி நிற்பார். நிற்கவும் வேண்டும். இந்தக் கதை பெரும்பாலும் வீரர்களின் பிற்கால நினைவுகளின் மீது நிற்கிறது. அன்று அணியை அழைக்காததற்குச் சொல்லப்பட்ட காரணம், அது எளிய அணிகளோடு ஆடி வென்றது என்பதே. இந்தக் காரணத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. எதிரணிகளில் ராணுவ, கடற்படை முகாம்களின் அணிகளும் இருந்தன. ஆனால் 47-14 என்று தோற்ற பசிபிக் கல்லூரிக்கு அதே புத்தாண்டில் சன் பௌலில் இடம் கிடைத்தது என்பதையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். வீழ்ந்தவருக்கு இருந்த தகுதி வீழ்த்தியவருக்கு இல்லாமற் போனது எப்படி?

எழுத்துச் சான்று கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கனவான்களின் உடன்பாட்டின் இயல்பே எழுதாமல் இருப்பதுதான். மறுக்கப்பட்டதற்கு ரசீது கொடுக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. சொல்லாமல் செய்யப்படும் அநீதிக்குச் சாட்சி, அதற்கு உள்ளானவர்களின் நினைவுதான். அதை ஐயத்தோடு படிப்பது நம் கடமை. ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடுவது, ஆவணம் எழுதாமல் விட்டவர்களின் கைக்கு வேலை செய்வதாகும். எழுத்தில் வந்தபோது அது எப்படி இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1956-இல் லூசியானா மாநிலம், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து விளையாடுவதையே சட்டம் இயற்றித் தடை செய்தது. 1959-இல் உச்ச நீதிமன்றத்தில் அது நிலைகுலைந்தது. சட்டமாகும் முன் அது வழக்கமாக இருந்தது, அவ்வளவே.

*

கதை இத்தோடு முடியவில்லை. பருவம் முடிந்த சில வாரங்களில் பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. செலவு கட்டுப்படியாகவில்லை என்பது காரணம். ஒரு பௌல் ஆட்டத்தின் வருவாய் கிடைத்திருந்தால் அணி பிழைத்திருக்கும். தோழர்கள் இருவருக்காக அணியின் உயிரையே கொடுத்தார்கள் என்று இக்கதையைச் சொல்பவர்கள் முடிப்பது வழக்கம். கேட்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால் சுற்றிலும் நடந்தவற்றைப் பார்த்தால் படம் மாறுகிறது. பக்கத்து ஊரின் செயின்ட் மேரிஸ் கல்லூரி 1950 பருவத்தோடு கால்பந்தை நிறுத்தியிருந்தது. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் 1951-இல் நிறுத்தியது. டான்ஸ் கடைசியாக வென்ற லொயோலாவும் அதே பருவத்தோடு நின்றது. சான்டா கிளாரா 1952-க்குப் பின், ஃபோர்டாம் 1954-க்குப் பின். எல்லாம் கத்தோலிக்கக் கல்லூரிகள். பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களின் பணபலத்தோடு போட்டியிட முடியாதவை. சான் பிரான்சிஸ்கோவிலோ, 1946 முதல் ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற தொழில்முறை அணி டான்ஸ் ஆடிய அதே கீசார் அரங்கில் ஆடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியும் வந்துவிட்டது. ஒரு புத்தாண்டுக் காசோலை ஓரிரு ஆண்டுகள் மூச்சு கொடுத்திருக்கலாம். நோய் அதைவிடப் பழையது.

இதைச் சொல்வதால் வீரர்களின் மறுப்பு சிறிதாகிவிடுமா? நாம் அப்படிக் கருதவில்லை. செயலின் மதிப்பை அதன் விளைவைக் கொண்டு அளக்கும் பழக்கம்தான் தியாகத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்கிறது. அணி எப்படியும் கலைந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். மறுத்த நாளில் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அறிந்தது இவ்வளவே: நாடு முழுதும் பார்க்கும் ஒரே ஆட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது, அவர்களில் பலருக்கு அது வாழ்நாளின் ஒரே வாய்ப்பு, நிர்வாகங்கள் ஆண்டாண்டாக ஏற்றுக்கொண்டு வந்த நிபந்தனைதான் கேட்கப்பட்டது. ஏற்றிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாஸ்டன் கல்லூரியை அன்று எத்தனை பேர் குறை சொன்னார்கள்? நியூயார்க்கில் மாணவர்கள் தெருவில் இறங்கியும் நிர்வாகம் அசையவில்லை. இங்கே களத்தில் ஆடுபவர்களே மறுத்தார்கள். வழக்கம் ஒன்று, தன்னை நடத்திக்கொடுக்கும் கைகள் கிடைக்கும் வரையில்தான் வழக்கமாக இருக்கும். அந்த ஆண்டு அக்கைகள் சான் பிரான்சிஸ்கோவில் கிடைக்கவில்லை.

*

பின்வந்த ஆண்டுகள் இந்த அணியின் தரத்தைப் பற்றிய வாதத்தைத் தீர்த்துவைத்தன. மாட்சன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். தொழில்முறைக் கால்பந்தில் அவர் ஒருவருக்கு ஈடாக ஒன்பது பேரைக் கொடுத்து 1959-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அவரைப் பெற்றது; அப்போது அவ்வணியின் மேலாளர் பழைய செய்தி எழுத்தர் ரோசெல். மாட்சனும் மார்கெட்டியும் 1972-இல் ஒரே ஆண்டில் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் இடம்பெற்றார்கள். செயின்ட் கிளேர் 1990-இல் சேர்ந்தார். எளிய அணிகளை மட்டுமே வென்ற அணி என்ற சொல்லுக்கு இதைவிட விடை வேண்டியதில்லை.

டோலரின் பாதை வேறு. 1952-இல் கல்லூரி நட்சத்திரங்களின் ஆட்டமொன்றில் முழங்கால் சிதைந்து, தொழில்முறை வாழ்வு தொடங்குமுன்பே முடிந்தது. அவர் ஆசிரியரானார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவின் நடுநிலைப் பள்ளியொன்றின் முதல்வரானார். அந்நகரின் பள்ளிகளில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 1965-இல் என்.எஃப்.எல். ஆட்டங்களின் நடுவர் குழுவில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே. இருபத்தைந்து பருவங்கள் அப்பணியைச் செய்தார். 1980 ஜனவரியில் சூப்பர் பௌல் இறுதிப்போட்டியில் நடுவர்களில் ஒருவராகக் களத்தில் நின்றார். அது நடந்த இடம் பாசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கம். 1951 நவம்பரில் டான்ஸ் தங்கள் கடைசி ஆட்டத்தை ஆடிய அதே திடல்.

இக்கதை வெளியுலகுக்குத் தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. 1990-இல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் ரான் ஃபிம்ரைட் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகே பலரும் அறிந்தார்கள். வீரர்கள் அதுவரை இதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. 2006-இல் பல்கலைக்கழகம் அந்த அணிக்குக் கௌரவ முனைவர் பட்டங்கள் வழங்கியது. டோலர் 2009-இலும், மாட்சன் 2011-இலும், செயின்ட் கிளேர் 2015-இலும், மார்கெட்டி 2019-இலும் காலமானார்கள்.

ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லி முடிக்கலாம். பல்கலைக்கழக வளாகத்தில் ஃபீலன் என்ற பெயரில் மாணவர் விடுதி ஒன்று இருந்தது. நகரின் மேயராகவும் பின்னர் செனட் உறுப்பினராகவும் இருந்த ஜேம்ஸ் ஃபீலனின் பெயர் அது. கலிபோர்னியாவை வெள்ளையர் மாநிலமாகவே காப்போம் என்பது 1920-இல் அவருடைய தேர்தல் முழக்கம். அன்று அது முக்கியமாக ஆசியர்களை நோக்கி வீசப்பட்டது. மாணவர்கள் அப்பெயரை நீக்கக் கோரினார்கள். 2017-இல் அந்த விடுதிக்கு பர்ல் டோலரின் பெயர் சூட்டப்பட்டது. மயாமிக்கு வரக்கூடாது என்று சொல்லப்பட்ட இருவரில் ஒருவரின் பெயரைத் தங்கள் முகவரியாக எழுதும் மாணவர்கள் இன்று அங்கே குடியிருக்கிறார்கள்.